கேட்கப்படாத ஒரு கேள்வி

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குக் கற்றுத் தந்த மொழி விளையாட்டுகளுள் ஒன்றை இன்றுவரை நான் கைவிடவில்லை. கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் சோர்ந்துவிட்டால் அதைத்தான் நடத்துவேன். ஒரு பிள்ளை முன்னே வந்து நிற்க வேண்டும். அதன் மனதில் ஒரு தொழில் இருக்கும்: மீனவர், கொல்லர், தபாற்காரர், தாதி, ஏதேனும் ஒன்று. மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்டுக் கேட்டு அந்தத் தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்கும் விடைகள் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு மட்டுமே. "வெயிலில் நின்று செய்யும் வேலையா?" "சம்பளம் மாதாமாதம் வருமா?" "சீருடை உண்டா?" என்று கேள்விகள் பறக்கும். விடை சொல்லப் பழகிய பிள்ளையை விடக் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளையே இதில் வெல்லும்.

இந்த விளையாட்டையே பதினேழு ஆண்டுகள் ஒரு தேசம் முழுவதும் ஞாயிறு இரவுகளில் பார்த்து மகிழ்ந்திருக்கிறது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அமெரிக்காவின் சீ.பி.எஸ். தொலைக்காட்சியில் 1950 பெப்ரவரி 2ஆம் திகதி தொடங்கி 1967 செப்டெம்பர் 3ஆம் திகதி முடிவடைந்த 'வட்ஸ் மை லைன்?' என்ற நிகழ்ச்சிதான் அது. 'என் தொழில் என்ன?' என்று தமிழில் சொல்லலாம். எஞ்சியிருக்கும் அதன் பழைய பதிவுகள் இன்று இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. பொழுதுபோக்காகத்தான் பார்க்கத் தொடங்கினேன். ஆனால் அந்த வினாக்குழுவில் அமர்ந்திருந்தவர்களின் வரலாற்றைத் தேடியபோது, சிரிப்புக்கு நடுவே ஒரு கவிஞரின் ஆசனம் வெறுமையாக்கப்பட்ட கதை எதிர்ப்பட்டது. எழுத்தோடு உறவுள்ள எவரும் அதை எளிதாகக் கடந்து போய்விட முடியாது.

முதலில் விளையாட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வந்தவர் கரும்பலகையில் தன் பெயரை வெண்கட்டியால் எழுதுவார். அவருடைய தொழில் பார்வையாளருக்கு மட்டும் எழுத்தில் காட்டப்படும். பிரபலமான நால்வர் கொண்ட வினாக்குழு முறை வைத்துக் கேள்வி கேட்கும். 'இல்லை' என்ற விடை வந்தால் கேள்வி அடுத்தவருக்குப் போய்விடும். வந்தவர் கணக்கில் ஐந்து டொலர் சேரும். பத்து 'இல்லை'கள் சேர்ந்தால் குழு தோற்றது, வந்தவருக்கு ஐம்பது டொலர். அவ்வளவுதான் பரிசு. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒருமுறை குழுவினரின் கண்களைக் கட்டிவிட்டு உலகறிந்த ஒருவரை அழைத்து வருவார்கள். அவர் தன் குரலை மாற்றிப் பேசித் தப்பப் பார்ப்பார். ஓவியர் சல்வடோர் டாலி 1957இல் வந்தபோது, கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று சொல்லிக் குழுவைத் திணறடித்தார். நீர் எழுதுபவரா? ஆம். விளையாட்டோடு தொடர்புள்ளவரா? அதற்கும் ஆம். நெறியாளர் குறுக்கிட்டு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்டீவ் அலன் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1953இல் குழுவில் இருந்தபோது கேட்ட "அது பாண் பெட்டியை விடப் பெரியதா?" என்ற கேள்வி ஆங்கில வழக்கில் ஒரு சொலவடையாகவே நிலைத்துவிட்டது.

நெறியாளராக இருந்த ஜோன் சார்ள்ஸ் டேலி சாதாரண அறிவிப்பாளர் அல்லர். 1941 டிசம்பர் 7ஆம் திகதி பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தியையும், 1945இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மரணச் செய்தியையும் சீ.பி.எஸ். வானொலியில் அமெரிக்க மக்களுக்கு அறிவித்த குரல் அவருடையது. அப்படிப்பட்ட ஒருவர் விளையாட்டு ஒன்றை நடத்த, கழுத்துப்பட்டியும் மாலை உடையுமாக நால்வர் அமர்ந்திருந்தமையே அந்நிகழ்ச்சிக்கு ஒரு கனத்தைக் கொடுத்தது. பார்த்தவர்கள் ஒரு படித்த வீட்டின் விருந்தறையில் தாமும் அமர்ந்திருப்பதாக உணர்ந்தார்கள்.

முதல் நாளன்று அமர்ந்த நால்வர் யார் யாரென்று பார்த்தால் அக்காலத் தொலைக்காட்சியின் போக்கு விளங்கும். நியூ ஜேர்சி மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹரல்ட் ஹொஃப்மன், பத்தி எழுத்தாளர் டொரதி கில்கலன், மனநல மருத்துவர் ரிச்சர்ட் ஹொஃப்மன், கவிஞர் லூயிஸ் அன்டர்மேயர் ஆகியோரே அவர்கள். இரண்டாவது நிகழ்ச்சியில் நடிகை ஆர்லின் பிரான்சிஸ் வந்து சேர்ந்தார். இறுதி நாள்வரை இருந்தார்.

ஒரு விளையாட்டு நிகழ்ச்சிக்குக் கவிஞர் எதற்கு என்று இன்று நமக்குத் தோன்றலாம். அன்று அது விசித்திரமாகப் படவில்லை. 1938இல் தொடங்கிய 'இன்ஃபர்மேஷன் பிளீஸ்' என்ற வானொலி நிகழ்ச்சியில் நேயர்கள் கேள்வி அனுப்ப, புத்தக விமர்சகர்களும் பத்தி எழுத்தாளர்களும் அமர்ந்து விடை சொன்னார்கள். அறிவாளிகளின் சம்பாஷணையைக் கேட்பதே ஒரு பொழுதுபோக்கு என்று அது நிரூபித்திருந்தது. அந்த மரபைத் தொலைக்காட்சி தலைகீழாக்கிக் கொண்டது. அறிவாளிகள் இப்போது கேள்வி கேட்பவர்கள் ஆனார்கள். விடை, தொப்பிகளை வாங்கி வைக்கும் பெண்ணிடம் இருந்தது. முதல் நிகழ்ச்சிக்கு முதலாவதாக வந்தவர், நியூயோர்க்கின் பிரபலமான இரவு விடுதியொன்றில் அந்த வேலையைச் செய்த பெண்தான். உழைப்பவரின் தொழிலுக்கு மதிப்பளித்து, அதைக் கண்டுபிடிக்கப் படித்தவர்கள் படும் பாட்டைக் காட்டியது இந்த விளையாட்டின் நல்ல பக்கம். அதனை நான் மறுக்கவில்லை.

முதல் நாள் நால்வரில் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. பிறரின் இரகசியத்தைக் கண்டுபிடிக்க அமர்ந்த ஆளுநர் ஹொஃப்மனிடமே பெரும் இரகசியம் ஒன்று இருந்தது. அவர் 1954இல் இறந்த பிறகு, தன் மகளுக்கு எழுதி வைத்திருந்த கடிதமொன்றில், தான் பணியாற்றிய வங்கியிலிருந்து மூன்று இலட்சம் டொலர் வரையில் கையாடியதை ஒப்புக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் அமர்ந்திருந்த கவிஞரிடம் மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. ஆயினும் தண்டிக்கப்பட்டவர் கவிஞர்தான்.

லூயிஸ் அன்டர்மேயர் 1885இல் நியூயோர்க்கில் நகை வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர். உயர்பள்ளிப் படிப்பை முடிக்காமலே வெளியேறியவர். பல ஆண்டுகள் குடும்பத்தின் நகைத் தொழிலில் இருந்துகொண்டே கவிதை எழுதினார். 1923இல் அத்தொழிலை விட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார். அவருடைய பெயரை நிலைநிறுத்தியது சொந்தக் கவிதையைவிடத் தொகுப்புப் பணியே எனலாம். 1919இல் வெளிவந்த 'நவீன அமெரிக்கக் கவிதை' என்ற தொகுப்பு மீண்டும் மீண்டும் திருத்திப் பதிப்பிக்கப்பட்டு, வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. கவிஞர் ரொபர்ட் புரொஸ்ட் அவருக்கு எழுதிய கடிதங்கள் 1963இல் தனி நூலாக வெளிவந்தன. ஜேர்மன் கவிஞர் ஹைனேயை ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தவர்களுள் அவரும் ஒருவர். இரண்டாம் உலகப் போரின்போது அரசாங்கத்தின் போர்த் தகவல் அலுவலகத்தில் பணியாற்றினார். போர்முனையிலிருந்த படைவீரர்களுக்குச் சட்டைப்பைக்குள் அடங்கும் நூல்களை அச்சிட்டு அனுப்பிய பெரும் திட்டத்திலும் அவருக்குப் பங்கிருந்தது.

இளமையில் 'த மாஸஸ்' என்ற இடதுசாரி இதழோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. பிற்காலத்தில் பல்வேறு அமைப்புகளின் அறிக்கைகளில் ஒப்பமிட்டிருந்தார். தன் காலத்து எழுத்தாளர் பலரும் செய்த காரியமே அது. 1930களின் பொருளாதார நெருக்கடியையும் ஐரோப்பாவில் பாசிசத்தின் எழுச்சியையும் கண்ட எழுத்தாளன் ஏதேனும் ஓர் அறிக்கையில் கையெழுத்திடாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

1950 ஜூன் மாதம் 'ரெட் சனல்ஸ்' என்றொரு சிறுநூல் வெளியாயிற்று. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்திலிருந்து விலகிய சிலர் நடத்திய 'கவுன்டர் அட்டாக்' என்ற செய்தி மடலின் வெளியீடு அது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றிய 151 பேரின் பெயர்கள் அதில் அகர வரிசையில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர் ஒப்பமிட்ட அறிக்கை, கலந்துகொண்ட கூட்டம், ஆதரித்த அமைப்பு என்று ஒரு பட்டியல். நாடகாசிரியர் ஆதர் மில்லர், இசைக்கலைஞர் லெனர்ட் பேர்ன்ஸ்டைன், கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், நெறியாளர் ஓர்சன் வெல்ஸ் ஆகியோரின் பெயர்களோடு லூயிஸ் அன்டர்மேயரின் பெயரும் அதில் இருந்தது.

அந்நூலுக்குச் சட்டத்தின் அதிகாரம் எதுவும் இல்லை. யாரையும் அது நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஒருவேளை நன்றாயிருந்திருக்கும். அங்கே எதிர்வாதம் செய்ய ஒரு கூண்டாவது கிடைத்திருக்கும். நூல் ஒளிபரப்பு நிறுவனங்களின் மேசைகளிலும் விளம்பர நிறுவனங்களின் மேசைகளிலும் இருந்தது. ஆளைத் தெரிவு செய்யும்போது அதைப் புரட்டிப் பார்த்தார்கள். பெயர் இருந்தால் வேலை இல்லை. காரணம் சொல்லப்படுவதும் இல்லை.

அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியின் பொருளாதாரத்தை விளங்கிக்கொண்டால்தான் இதன் வலிமை புரியும். ஒரு நிகழ்ச்சியின் செலவை ஒரே அனுசரணையாளர் பொறுப்பேற்பது அப்போதைய வழக்கம். வியர்வை நாற்றம் போக்கும் 'ஸ்டொப்பெட்' என்ற திரவத்தைத் தயாரித்தவர் 'வட்ஸ் மை லைன்?' நிகழ்ச்சியின் அனுசரணையாளர். அவருக்கு அரசியலில் என்ன அக்கறை? போத்தல்கள் விற்க வேண்டும். ஆனால் கடிதங்கள் வரத் தொடங்கின. கத்தோலிக்க முன்னாள் படைவீரர் அமைப்பைச் சேர்ந்தோர் ஒளிபரப்பு நிலையத்தின் வாயிலில் பதாகைகளோடு நின்றார்கள். பொருளுக்கு எதிராகவும் ஆட்கள் திரும்பினால் என்ன செய்வது என்ற அச்சம் அனுசரணையாளரைப் பிடித்துக்கொண்டது. அவருடைய அச்சம் நிலையத்துக்கும், நிலையத்தின் அச்சம் தயாரிப்பாளர்களுக்கும் இறங்கி வந்தது. சீ.பி.எஸ். நிறுவனம் 1950 டிசம்பரில் தன் ஊழியர்களிடம் விசுவாச உறுதிமொழி கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது.

1951 மார்ச் மாதத்தோடு அன்டர்மேயர் வினாக்குழுவிலிருந்து காணாமற் போனார்.

அது எப்படி நடந்தது என்பதை அவருடைய நண்பரும் புரூக்ளினில் அவருக்கு அயலவருமான ஆதர் மில்லர், 1987இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வழக்கம்போல ஒளிபரப்புக்கு முன்னதாக நிலையத்துக்குப் போன கவிஞரிடம், இனி நீங்கள் இல்லை என்று தயாரிப்புத் தரப்பில் சொல்லப்பட்டது. அத்தோடு சொல்லப்பட்ட நியாயம்தான் விசித்திரமானது. நீங்கள் கம்யூனிஸ்ட் அல்லர் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே ஒப்புக்கொள்வதற்கு உங்களிடம் எதுவும் இல்லை. ஆனால் அதை அவர்கள் நம்ப மாட்டார்கள். நீங்கள் ஒப்புக்கொள்ள மறுப்பதாகவே தோன்றும். மில்லர் தரும் விவரத்தின் சாரம் இது. குற்றம் செய்தவனுக்கு மன்னிப்புக் கேட்கும் வழியாவது இருந்தது. செய்யாதவனுக்கு அந்த வழியும் இல்லை.

அன்டர்மேயர் வீடு திரும்பினார். அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலாக அவர் தன் வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை என்கிறார் மில்லர். தொலைபேசி அடித்தால் மனைவிதான் பேசினார். சிலேடைக்கும் சம்பாஷணைக்கும் பேர்போன மனிதர் அவர். அவரை வீட்டுக்குள் பூட்டியது சிறைத் தண்டனை அல்ல. வெளியே இறங்கினால் யார் எந்தப் பார்வையோடு பார்ப்பார்களோ என்ற பயம். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. தன் ஆயுட்காலத் தொண்டு முழுவதும் ஒரே நாளில் ஐயத்துக்குரியதாகிவிட்டது என்ற உணர்வு அந்த வயதில் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நிகழ்ச்சி ஒரு வாரமேனும் நின்றுவிடவில்லை. ஆசனம் நிரப்பப்பட்டது. அதில் வந்து அமர்ந்தவர் பென்னட் சேர்ஃப்.

சேர்ஃப் யார் என்பதை அறிந்தால் இக்கதையின் கசப்பு இன்னும் கூடும். புகழ்பெற்ற 'ரண்டம் ஹவுஸ்' பதிப்பகத்தை நிறுவிய இருவரில் ஒருவர் அவர். ஜேம்ஸ் ஜோய்ஸின் 'யுலிஸிஸ்' நாவல் ஆபாசமானதெனத் தடைப்பட்டிருந்தபோது, அதன் பிரதியொன்றைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றும்படி திட்டமிட்டுச் செய்து, வழக்காடி, 1933 டிசம்பரில் நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வென்றவர். எழுத்துச் சுதந்திரத்தின் வரலாற்றில் அத்தீர்ப்புக்கு இன்றும் தனியிடம் உண்டு. அதே சேர்ஃப் 1946இல், பாசிச ஆதரவாளராகிவிட்ட எஸ்ரா பவுண்டின் கவிதைகளைத் தன் பதிப்பகத்தின் தொகுப்பொன்றிலிருந்து நீக்கினார். எழுத்தாளர்கள் கண்டித்தார்கள். சேர்ஃப் தன் தவறை உணர்ந்து கவிதைகளை மீண்டும் சேர்த்துக்கொண்டார். பவுண்டின் அரசியலை வெறுத்தவர்களும் அவருடைய கவிதைக்காகப் பேசினார்கள் என்பது இங்கே மனங்கொள்ளத்தக்கது.

அன்டர்மேயரின் நீக்கத்துக்குச் சேர்ஃப் காரணமல்லர். அழைத்தார்கள், வந்தார். அந்த ஆசனத்தில் 1967வரை இருந்தார். வாரத்துக்கொரு சிலேடை சொல்லி, நூல் பதிப்பாளர் ஒருவர் அதுவரை கண்டிராத புகழைப் பெற்றார். அவர் கெட்ட மனிதர் என்று நான் எழுத வரவில்லை. நல்ல மனிதர்தான், அதுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. ஒரு நாவலுக்காக நீதிமன்றப் படியேறியவருக்கு, ஒரு கவிஞரின் ஆசனத்தில் அமர்வதற்கு முன் ஒரு கணம் தயங்கத் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் பயனில்லை என்று கருதியிருக்கலாம்.

எஞ்சியோரும் அப்படித்தான். செய்தியாளரான டேலி தொடர்ந்தார். ஆர்லின் பிரான்சிஸ் தொடர்ந்தார். டொரதி கில்கலன் பணிபுரிந்ததோ கம்யூனிச எதிர்ப்பில் முன்னணியில் நின்ற ஹேர்ஸ்ட் நிறுவனத்தின் 'ஜேர்னல் அமெரிக்கன்' பத்திரிகையில். எவரும் ஆசனத்தை விட்டு எழவில்லை. கேள்வி கேட்பதற்கென்றே சம்பளம் பெற்று, கேள்வி கேட்பதிலேயே புகழ்பெற்றவர்கள் அவர்கள். வந்தமர்ந்த அந்நியரின் கைரேகையிலிருந்து தொழிலைக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள். தங்களோடு ஓராண்டு தோளோடு தோள் அமர்ந்திருந்தவர் எங்கே போனார் என்ற கேள்விக்காக ஒருவரும் தன் ஆசனத்தைப் பணயம் வைக்கவில்லை.

அந்த மேசையில் வெறுமையை எப்படி மரியாதை செய்வதென்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. நகைச்சுவை மேதை பிரெட் அலன் குழுவில் இருந்த காலத்தில், 1956 மார்ச் 17ஆம் திகதி சனிக்கிழமை இரவு வீதியில் நடந்து போகும்போது விழுந்து இறந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நடந்தது. டேலி அவரைப் பற்றிப் பேசினார். முடிவில் குழுவினர் ஒவ்வொருவரும் நினைவுகூர்ந்தார்கள். 1965 நவம்பர் 7ஆம் திகதி இரவு வழக்கம்போல நேரடி ஒளிபரப்பில் அமர்ந்திருந்த டொரதி கில்கலன், மறுநாள் தன் வீட்டில் இறந்து கிடந்தார். மதுவும் தூக்க மருந்தும் சேர்ந்ததே மரண காரணமென்றும், அது நேர்ந்த சூழ்நிலை தீர்மானிக்கப்படவில்லையென்றும் மருத்துவ அறிக்கை கூறியது. அவருக்கும் அடுத்த ஞாயிறன்று அஞ்சலி செலுத்தப்பட்டது. இறந்தவர்களுக்காகப் பேசினார்கள். உயிரோடு அகற்றப்பட்டவர், மில்லர் சொல்வதன்படி பார்த்தால், நேயர்களிடம் விடைபெற்றுக்கொள்ளவும் வாய்ப்பின்றி வெளியேறினார்.

கில்கலனுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் பயந்த சுபாவம் உள்ளவரல்லர். ஜனாதிபதி கென்னடியின் கொலையை விசாரித்த வொரன் ஆணைக்குழுவின் முன் ஜாக் ரூபி அளித்த சாட்சியத்தை, அது வெளியிடப்படுவதற்கு முன்பே 1964 ஓகஸ்டில் பெற்றுப் பத்திரிகையில் வெளியிட்டவர். யார் கொடுத்தது என்று புலனாய்வுப் பணியகம் விசாரித்தபோது சொல்ல மறுத்தார். துணிவு அவரிடம் இருந்தது. ஆனால் துணிவு எல்லா நாட்களிலும் எல்லா அறைகளிலும் நம்மோடு வருவதில்லை. தெருவில் வீரனாக இருப்பவன் தான் சாப்பிடும் மேசையில் மௌனியாகிவிடுகிறான்.

தயாரிப்பாளர் மார்க் குட்சனின் கதை இதில் இன்னொரு படி. அன்டர்மேயரை நீக்க இணங்கியவர் அவர். பின்னர் அவருடைய 'இட்ஸ் நியூஸ் டு மீ' என்ற வேறொரு நிகழ்ச்சியின் குழுவில் இருந்த அன்னா லீ என்ற நடிகையையும் அகற்றும்படி வற்புறுத்தல் வந்தது. விசாரித்துப் பார்த்தால், கம்யூனிஸ்ட் பத்திரிகையில் எழுதியவர் அதே பெயருடைய வேறொரு பெண். ஆளே வேறு என்று நிரூபணமான பிறகும் அனுசரணைத் தரப்பு, பெயர் கெட்டுவிட்டது, எப்படியாவது அனுப்பிவிடுங்கள் என்றது. அந்த இடத்தில்தான் குட்சன் முடியாது என்றார். அன்னா லீ நீக்கப்படவில்லை. வானம் இடிந்து விழவும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1991 ஜனவரியில், 'நியூயோர்க் டைம்ஸ்' ஞாயிறு சஞ்சிகையில் இவற்றையெல்லாம் அவரே எழுதினார். 'நான் முன்னரே எழுந்து நின்றிருந்தால்' என்பது அக்கட்டுரைத் தலைப்பின் பொருள். அந்தத் தலைப்பில் இருக்கும் 'முன்னரே' என்ற சொல் அன்டர்மேயரைத்தான் குறிக்கிறது என்று எனக்குப் படுகிறது.

கறுப்புப் பட்டியலின் முதுகை முறித்ததும் ஒரு தனிமனிதர்தான். ஜோன் ஹென்றி ஃபோக் என்ற சீ.பி.எஸ். வானொலிக் கலைஞர், தன்னைப் பட்டியலிட்ட 'அவேர்' என்ற அமைப்பின் மீது 1956இல் வழக்குத் தொடுத்தார். வேலை போயிற்று. ஆறு ஆண்டுகள் வழக்கு இழுபட்டது. 1962 ஜூனில் ஜூரிகள் அவருக்கு 35 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார்கள். மேன்முறையீட்டில் அத்தொகை பெரிதும் குறைக்கப்பட்டது. தீர்ப்பின் அடிப்படை நிலைத்தது. அவ்வழக்கில் சாட்சிக் கூண்டேறி, இத்தொழிலில் பட்டியல் எவ்வாறு இயங்கியது என்று சொன்னவர்களுள் மார்க் குட்சனும் ஒருவர்.

அன்டர்மேயர் என்ன ஆனார்? மெதுவாக எழுந்தார். 1955இலும் 1959இலும் அவருடைய பெரும் நூல்கள் வெளிவந்தன. 1961இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கவிதை ஆலோசகர் பதவிக்கு அவர் நியமிக்கப்பட்டார். இன்று 'அரசவைக் கவிஞர்' எனக் குறிக்கப்படும் பதவி அதுவே. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வியர்வைத் திரவ விளம்பரத்தின் அருகே அமரத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரைத் தேசத்தின் தலையாய நூலகம் அழைத்து அமர்த்தியது. 1977 டிசம்பரில், தொண்ணூற்றிரண்டாவது வயதில் காலமானார். இது நீதியா என்று கேட்டால், ஓரளவுக்கு ஆம். கதவடைத்துக் கிடந்த அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது?

இன்னுமொரு இழப்பும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் ஒளிபரப்பைப் படச்சுருளில் பதிவு செய்து, பின்னர் அவற்றை அழித்துவிடுவார்கள். 1952இல் தயாரிப்பாளர்கள் இதை அறிந்து, பணம் கொடுத்துப் பதிவுகளைப் பேணத் தொடங்கினார்கள். ஆகவேதான் சேர்ஃபை இன்று நூற்றுக்கணக்கான பதிவுகளில் காணலாம். அன்டர்மேயரைக் காண எஞ்சியிருப்பவை மிகச் சில. முதல் நாள் பதிவு தப்பியிருக்கிறது. அதில் மூக்குக்கண்ணாடி அணிந்த அந்த மனிதர் குறும்பும் கூர்மையுமாய்க் கேள்வி கேட்கிறார். வரப்போவது எதுவும் அவருக்குத் தெரியாது.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று இதழின் வாசகர் கேட்கலாம். நம்மிடம் தொலைக்காட்சி வினாக்குழுக்கள் குறைவு. ஆனால் மேடைகள் உண்டு. அழைப்பிதழில் ஒரு பெயர் அச்சாகி, இரண்டாவது அழைப்பிதழில் அது இல்லாமற் போவதை நாம் கண்டதில்லையா? நானும் கண்டிருக்கிறேன். ஒரு நூல் வெளியீட்டில், பேச வேண்டியவர் பேசாமல் முன்வரிசையில்கூட இல்லாதிருந்ததைக் கவனித்தேன். யாரோ எங்கோ முகம் சுளித்திருக்கிறார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அன்று நான் வாழ்த்துரை வழங்கி, தேநீர் குடித்து, கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினேன். எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. பென்னட் சேர்ஃபைப் பற்றி எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்கியதற்கு அதுதான் காரணம்.

காலையில் நான் இடாப்பு வாசிக்கும்போது ஒரு பெயருக்கு 'சேர்' என்ற பதில் வராவிட்டால், நான் அடுத்த பெயருக்குப் போவதற்கு முன்பே வகுப்பில் நாலைந்து குரல்கள் எழும்பிவிடும். அவன் ஏன் வரல்ல, சேர்? காய்ச்சலா? வாப்பாவோட கடலுக்குப் போயிட்டானா? வாங்கில் வெறுமை விழுந்தால் பிள்ளைகளுக்குப் பொறுக்காது. உடனே கேட்டுவிடுவார்கள். பெரியவர்களான பிறகுதான் நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்கப் பழகிக்கொள்கிறோம்.